கழற்றும் வரிசை

காலை ஏழு பத்துக்குப் பதினான்காம் கிளையின் ஷட்டர் பாதியில் சிக்கி நின்றது. ரேக்குக்காரர் குனிந்து உள்ளே போனார்.

குழாய், கதவு, டைல்ஸ், பெயிண்ட், ஆணி என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் விற்ற கடைகள். ஒன்பது வருடங்களில் பதினான்கு. எல்லாவற்றிலும் ரேக் பூட்டியவர் அவர்தான். ஒவ்வொரு காலின் பின்புறமும் மஞ்சள் பெயிண்டில் கிளை எண்ணும் வரிசை எண்ணும் எழுதிவைப்பார். முதலாளி சொல்லியிருந்தார்: "நாளைக்கே இதவிடப் பெரிய இடத்துக்கு மாறுவோம். அப்ப எது எதுல சேரும்னு முழிச்சிட்டு நிக்கக் கூடாது."

அந்த எண்களைப் பார்த்துத்தான் இப்போது கழற்றினார். பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு.

வியாபாரம் படுத்தபோதும் கடைகளில் கூட்டம் குறையவில்லை. வந்தவர்கள் குழாயைத் திருகிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வீட்டுக்குப் போய்ப் போனில் வேறு எங்கோ வாங்கினார்கள். ஒன்றாம் கிளையில் பில் போடும் ரேக்குக்காரரின் மனைவி சொன்னாள்: "வாசல்ல டிக்கெட் போட்டா பொழச்சுக்கலாம்." அந்த வருடம்தான் முதலாளி நான்கு கிளைகள் திறந்தார்.

கிளைகளை மூடத் தொடங்கியபோது எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். மற்றதை விற்பதே ஒன்றாம் கிளையைக் காப்பாற்றத்தான் என்றார். "அதக் கழட்டணும்னா மொதல்ல என்னக் கழட்டணும்." சிலர் சிரித்தார்கள். ரேக்குக்காரர் நம்பினார்.

அதனால் நல்ல விலை போகட்டும் என்று நிதானமாகக் கழற்றினார். வரிசைக்கு ஒரு துணிப்பையில் போல்ட்டுகளைக் கட்டினார். தட்டுகளுக்கு இடையில் அட்டை வைத்தார்.

"அண்ணே, தூங்குற பொண்ணு காதுல கம்மல் கழட்டுற மாதிரி கழட்டுறீங்க," என்றார் ரேக்குகளை ஏற்ற வந்த லாரிக்காரர். "இரும்புண்ணே அது."

"கீறல் விழுந்தா காயலான் கடைக்குத்தான் போகும்."

"போனா உங்களுக்கென்ன?"

ஒன்பதாம் கிளையில் விற்காமல் மிஞ்சிய சாம்பிள் கதவு ஒன்று சட்டத்தோடு நடுவில் நின்றது. சுற்றிலும் வெறும் தரை. லாரிக்காரர் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்துகொண்டே போய்வந்தார்.

அந்த வாரம் மனைவி கேட்டாள்.

"மருந்துக்கடையில பில் போட ஆள் தேடுறாங்க. மாசம் பொறந்ததும் சேரணுமாம். போகட்டுமா?"

"எதுக்கு? ஒன்னாம் கிளையத் தொட மாட்டாங்க."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயால சொன்னாரு."

"அந்த வாய்தானே இருபது கிளைன்னும் சொல்லுச்சு."

"கழட்டுறவன் நான்தானே. எனக்குத் தெரியாம யாரு கழட்டுவா?"

அவள் யோசித்தாள். பிறகு சிரித்தாள். "அதுவும் சரிதான்," என்றாள்.

இரண்டாம் கிளையில் கடைசி வரிசை மிஞ்சியிருந்தபோது முதலாளி வந்தார். உட்கார நாற்காலி இல்லை. காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப முடியும்?"

"மத்தியானத்துக்குள்ள."

"அது இருக்கட்டும். இப்பவே ஒன்னாம் கிளைக்குப் போங்க. இன்னிக்கே ஆரம்பிக்கணுமாம்."

ரேக்குக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அது கழட்டுறதுக்கு இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"உங்களக் கழட்டிட்டுத்தான்னு சொன்னீங்க."

முதலாளி தன் செருப்பைப் பார்த்தார். "நான் அதச் சொல்றப்பவே என்னக் கழட்டி மூணு மாசம் ஆச்சுப்பா. கடன் குடுத்த பேங்க்காரங்க சொல்றதத்தான் உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். ஒன்னாம் கிளையத் தொட மாட்டேன்னது மட்டும் நானா சொன்னது."

"அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க போனா தெரிஞ்சிடும்."

ஒன்றாம் கிளை ரேக்குகளில் மட்டும் எண் கிடையாது. எண் போடும் வழக்கம் வருமுன் அவர் முதன்முதலில் செய்த வேலை அது. தரையைக் கொத்திக் கால்களைக் காங்கிரீட்டில் இறக்கியிருந்தார். ஸ்பேனர் உதவாது. அறுக்கத்தான் வேண்டும். கட்டிங் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மனைவி ஒரு பெரியவருக்குத் தாழ்ப்பாள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ரேக்குக்காரர் பையை அவள் காலடியில் வைத்துவிட்டுப் பக்கத்து ரேக்கின் காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இவர்தாங்க இதெல்லாம் பூட்டினவரு," என்றாள் பெரியவரிடம். "யான மோதினாலும் சாயாது."

"நல்ல வேலை," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போனார்.

அவள் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். நகரவில்லை. "என்ன இவ்ளோ கனம்?"

"மெஷின்."

பில் கட்டைச் சரிசெய்தபடி அவள் சொன்னாள்:

"மருந்துக்கடையில காலையில மறுபடி கூப்பிட்டாங்க. வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். சரிதானேங்க?"