ஆறு பேர் வேலை

விரிப்பின் ஒரு முனையை அக்கா பிடித்தாள், மறுமுனையைத் தங்கை. உதறி, நடந்து வந்து, கைசேர்த்து மடித்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அன்றைக்கு அது இருநூறாவது விரிப்பு.

"என்னடி பராக்கு பார்க்கற? மூலையைப் பிடி."

"உலர்த்துற மெஷின் அந்தக் கோடியில, மேசை இந்தக் கோடியில. வண்டி தள்ளி நடக்கறதுலயே பாதி நாள் போகுதுக்கா."

"இன்ஜினியரம்மா ஆரம்பிச்சுட்டாங்கய்யா!" என்றார் வண்டி தள்ளும் மாமா.

அந்தப் பட்டப்பெயர் பொய்யில்லை. சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருஷம். நாற்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, அக்கா வேலை பார்க்கும் இடத்திலேயே தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள்.

மேசையும் மெஷினும் எங்கெங்கே இருந்தால் நடை குறையும் என்று தங்கை படம் வரைந்தாள். கூடத்தில் வேலை பார்க்கும் ஆறு பேருமாக மேசையை மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். நாலு மணிக்கு முடிகிற வேலை இரண்டரைக்கே முடிந்தது. மாமா காலி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இனி என்னை யாராவது தள்ளுங்கப்பா" என்றார்.

அதே வாரம் அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டினார்கள்: ஆஸ்பத்திரிக்கு சிஸ்டம்ஸ் இன்ஜினியர் தேவை.

"விடாதடி. அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பு. ஆறு பேர் வேலைய அஞ்சு பேர் பார்க்கலாம்னு எழுது, அசந்துடுவாங்க."

"முறைபோட்டு தினம் ஒருத்தர் லீவு எடுக்கலாம்னும் எழுதறேன். முதல் லீவு உனக்கு."

"எனக்கா? தூங்கியே தீர்த்துருவேன்!"

நேர்முகத்துக்கென்று அக்கா தன் ஒரே நல்ல ஷூவை எடுத்துத் துடைத்தாள். தங்கைக்கு அது ஓர் அளவு பெரிது. நுனியில் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள்.

கூப்பிடவே இல்லை. மூன்றாம் வாரம் மேற்பார்வையாளர் இரண்டு காகிதங்களோடு வந்தார். ஒன்றில், இன்ஜினியர் வேலைக்கு மூன்று வருஷ அனுபவம் வேண்டும் என்றிருந்தது. இன்னொன்றில், சலவைக்கூடத்துக்கு இனி ஐந்து பேர் போதும், கடைசியாகச் சேர்ந்தவர் நாளை முதல் வர வேண்டாம் என்றிருந்தது. லீவைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா, "நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள்.

"கணக்கு சரியாத்தானேக்கா இருந்துச்சு."

தெருமுனை திரும்பும்போது அக்கா சொன்னாள்:

"அந்தப் பஞ்சை எடுத்துடாத. அடுத்த இடத்துக்கு வேணும்."

மறுநாள் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மேசைக்கு நேரே சுவரில் மாட்டியிருந்தார்கள். அடியில் தங்கை பெயர் இருந்த பகுதியை மட்டும் கத்தரித்திருந்தார்கள். அக்கா விரிப்பை உதறி, மறுமுனையைப் பழக்கத்தில் எதிரே நீட்டினாள். பிறகு படம் தொங்கிய ஆணியில் அந்த முனையை மாட்டிவிட்டு, தனியாக மடிக்கத் தொடங்கினாள்.