நட்வர்பாயின் பேட்ஜ்

எங்கள் கொடவுனில் பாதுகாப்பு அதிகாரி தேவாங்கிபென்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் ஒரே ஆள் நட்வர்பாய்தான். மற்றவர்கள் எல்லாருக்கும் அந்த அம்மாள் நேரில் 'பென்', அதாவது அக்கா; முதுகுக்குப் பின்னால் 'மீட்டர் மாமியார்'. நானே வைத்த பெயர் அது. மகர்புரா தொழிற்பேட்டையில் பக்கத்து ஷெட்காரர்கள் சரக்கை லாரியில் தூக்கிப் போட்டுவிட்டு சேவ் உசல் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில், நாங்கள் ஒரே ஒரு பெட்டியைச் சுற்றிக் கைகட்டி நிற்போம். அந்த அம்மாள் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் சுற்றுவதுபோல, பெட்டியை நிதானமாகச் சுற்றி வருவார். பசி வயிற்றைக் கிள்ளும். வாயைத் திறக்க முடியாது.

பெட்டிக்குள் இருப்பது மிளகளவு இரிடியம். ஹஜிரா, தஹேஜ் ஆலைகளில் குழாய்களை வெல்டிங் செய்கிறவர்கள், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க அது வேண்டும். அந்த மிளகின் கதிர்வீச்சு அதிகம் வெளியே வராமலிருக்கத்தான் இரண்டு ஆள் தூக்கும் கனத்தில் பெட்டி. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பூட்டு விழுந்திருக்கிறதா, வெளியே மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, மஞ்சள் லேபிளில் எழுதி, தேவாங்கிபென் கையெழுத்துப் போட்டால்தான் லாரி நகரும். பழைய லேபிளைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை ஒட்டியவன் அன்று தொலைந்தான்.

"ஆளை நம்பாதே, மீட்டரை நம்பு." இதை ஒரு பலகையில் எழுதி ஸ்டோர் ரூம் கதவுக்கு மேல் அவரே மாட்டியிருந்தார். முதலாளி சேட்டுக்கே அந்தப் பலகையைப் பார்த்தால் எரிச்சல்.

பெட்டியைத் தொடும் எல்லாரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் மாட்டியிருப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்புவார்கள். யார் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று பதில் வரும். எங்களுக்கெல்லாம் எப்போதும் ஒன்றுமில்லை என்றுதான் வரும். அப்படி வந்தது யாரால் என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை.

தசராவுக்கு எங்கள் ஊரில் கையில் எடுக்கும் எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. லாரி, ஸ்பேனர், டேப், சேட்டின் கால்குலேட்டர் உட்பட எல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும். ஃபாஃப்டாவும் ஜிலேபியும் வந்து இறங்கும். தேவாங்கிபென் போட்ட சட்டம் ஒன்று மட்டும் உண்டு. பெட்டிக்கும் பேட்ஜுக்கும் பூஜை கிடையாது. முன்பொரு தசராவில் யாரோ பேட்ஜைப் பெட்டிமேல் வைத்துப் பூப்போட்டு மறந்துவிட்டுப் போய், அது தாறுமாறாகக் காட்டி, பெரிய விசாரணையாகிவிட்டதாம். அதிலிருந்து வருடா வருடம் தசராவுக்கு முந்தின வாரம் எங்களை நிற்க வைத்துப் பாடம் நடத்துவார்.

"சாமிக்கும் கதிர்வீச்சுக்கும் சண்டை மூட்டாதீங்க" என்பார்.

"நம்ம மாமியார் காளிமாவுக்கே சட்டம் சொல்றாங்க" என்று நான் பின்வரிசையிலிருந்து முணுமுணுப்பேன். நட்வர்பாய் என் தொடையில் கிள்ளுவார்.

நட்வர்பாய் பரியா எனக்கு மூத்தவர். ஒரே லாரியில் அவர் ஓட்டுவார், நான் பெட்டிக்குக் காவல். பாவாகட் மலைக் காளிக்கு ஒவ்வொரு நவராத்திரியும் நடந்தே போய் வருகிற பக்தர். அந்த வருடமும் போய், மலையில் கொடுத்த சிவப்பு நூல் ஒரு கண்டு கொண்டுவந்து, எங்கள் எல்லார் மணிக்கட்டிலும் கட்டிவிட்டார். தேவாங்கிபென் கையிலும் கட்டினார். சட்டம் சொல்லாமல், மறுபேச்சுப் பேசாமல் அவர் கையை நீட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

உத்தராயணப் பட்டத் திருவிழா முடிந்து, அறுந்த பட்டங்கள் இன்னும் மின்கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்த நாளில் பேட்ஜ் முடிவு வந்தது. எல்லாருக்கும் வழக்கம்போல ஒன்றுமில்லை. நட்வர்பாயின் பேட்ஜ் மட்டும் எக்கச்சக்கமாகக் காட்டியிருந்தது.

தேவாங்கிபென் எங்கள் எல்லாரையும் ஸ்டோர் ரூம் வாசலில் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நட்வர்பாய் இந்த மாதிரி செய்ய மாட்டார்னு எனக்குத் தெரியும். ஆனா கேக்கணும், கேக்குறேன். தசராவுக்கோ வேற எப்பவோ பேட்ஜைப் பெட்டிகிட்ட வெச்சீங்களா?"

"இல்ல பென்" என்றார் நட்வர்பாய், தரையைப் பார்த்து.

"சரி" என்றார் அவர். அவ்வளவுதான்.

அந்த ஒரு 'சரி'யில் என்ன இருக்கிறது என்று அன்று பின்னேரம் சேட் அறையில் தெரிந்தது. கதவு திறந்தே இருந்ததால் காதைத் தீட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பேட்ஜில் மட்டும் பட்டதென்றால் விஷயம் ஒன்றுமில்லை, எழுதி அனுப்பிவிடலாம். ஆளின் மேல் பட்டதென்றால் ஏதோ ஒரு பெட்டி ஒழுகுகிறது. எந்தப் பெட்டி என்று தெரியாமல் ஒன்றையும் வெளியே விட முடியாது.

"தசரா பூஜைன்னு எழுதி அனுப்பு. வேலை முடிஞ்சது" என்றார் சேட்.

"அவர் வெக்கலைன்னு சொல்றாரு."

"சொல்வான்! வேற என்ன சொல்வான்? அந்த ஜாம்நகர் ஆர்டர் இந்த மாசம் போகணும். நீ பாட்டுக்குப் பெட்டியை நிறுத்தினா அவங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க."

"பாத்துக்கட்டும். நட்வர்பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஆளை நம்பாதே, மீட்டரை நம்புன்னு கதவுக்கு மேல மாட்டினது யாரு? எங்க தாத்தாவா?"

அதற்குத் தேவாங்கிபென் சொன்னது இப்போதும் என் காதில் நிற்கிறது.

"அது மத்தவங்களுக்கு மாட்டினது சேட்."

நான் பக்கத்தில் நின்ற நட்வர்பாயைப் பார்த்தேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் விறுவிறுவென்று லாரிப் பக்கம் போய்விட்டார்.

பெட்டிகள் நின்றன. தேவாங்கிபென் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூடியை அசைத்து, பூட்டை இழுத்துப் பார்த்து, பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சைச் சோதித்து, மீட்டரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. ஒரு பெட்டியிலும் குறையில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். நட்வர்பாயின் ரத்தம் மும்பைக்குச் சோதனைக்குப் போயிருந்தது. கதிர்வீச்சு உடம்பில் பட்டிருந்தால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் பதில் வர நாளாகும். அதுவரை அவரைப் பெட்டியின் பக்கமே வரவிடாமல் டீசல் கணக்குப் பார்க்க உட்கார வைத்தார்கள். அவர் எழுதிய கணக்கில் கூட்டல் எல்லாம் தப்பு.

ஜாம்நகர்க்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே தேவாங்கிபென்னிடம் சேட் ராஜினாமா வாங்கிவிட்டார். போகும்போது அந்த அம்மாள் பலகையைத் தானே கழற்றிக் கையோடு எடுத்துப் போனார். வாசல்வரை நட்வர்பாய் பின்னாலேயே போனார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. "பாத்துப் போங்க பென்" என்றார். நான் அவரைத் திட்டினேன், பெரிய வழியனுப்பு என்று. எனக்கு அப்போது அந்த அம்மாள் போனதில் ஆற்றாமை. அதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் அவர் தலையில் கொட்டினேன்.

ஹோலிக்கு முன்னால் மும்பையிலிருந்து பதில் வந்தது. ரத்தம் சுத்தம். ஒன்றும் படவில்லை.

நட்வர்பாய் மறுபடி லாரிக்கு வந்தார். பாரூச் தாண்டி, நர்மதைப் பாலம் முடிந்ததும் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"கனு, நான்தான்டா வெச்சேன்."

"எதை?"

"பேட்ஜை. தசரா அன்னிக்கு. பென் மீட்டரை அலமாரியில வெக்கத் திரும்பினப்போ, பாவாகட் நூலால பெட்டிக் கைப்பிடியில கட்டிட்டேன். ஸ்பேனருக்கெல்லாம் பூஜை போடுறோம். தினமும் என் நெஞ்சுல தொங்குறது அது ஒண்ணுதானடா. அதுக்குப் போடாம எப்படி? சாயங்காலமா எடுத்துக்கலாம்னு நெனச்சேன். பென் ஸ்டோரைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. லீவு முடிஞ்சு திறந்ததும் முதல் ஆளா ஓடினேன். முடிச்சு அவுழல. பேட்ஜை மட்டும் உருவிக்கிட்டேன்."

எனக்கு அடிக்கக் கை வந்தது. வயதில் மூத்தவர், அடக்கிக்கொண்டேன்.

"கேட்டாங்களேய்யா! எல்லார் முன்னாடியும் வாய்விட்டுக் கேட்டாங்களே! ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு திட்டு, அதோட போச்சு!"

"எப்படிக் கேட்டாங்க? 'நட்வர்பாய் செய்ய மாட்டார்னு எனக்குத் தெரியும்'னு முதல்ல சொல்லிட்டுல்ல கேட்டாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆமான்னு சொல்றது?" ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பின்னால் நின்ற டேங்கர்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவரை என் பைக்கில் ஏற்றி மாஞ்சல்பூர் கூட்டிப் போனேன். தேவாங்கிபென் வீட்டு முன்னறையில் பள்ளிப் பிள்ளைகள் டியூஷன் முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லாரியை நிறுத்துகிற பொம்பளை என்று சேட் ஊரெல்லாம் பரப்பியிருந்ததால் வேறு கம்பெனியில் யாரும் அவரை எடுக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நலமா என்பதில்லை.

"இப்ப யார் பெட்டியைப் பாக்குறது?"

"ஹிதார்த்னு ஒருத்தன்" என்றேன். "நாற்காலியிலேருந்தே கையெழுத்துப் போடுறான். இப்பல்லாம் நாங்க சூடா சேவ் உசல் சாப்பிடுறோம்."

அவர் சிரிக்கவில்லை. "மூடியைக் கையால அசைச்சுக்கூடப் பாக்குறதில்லையா?"

"நான் பாக்குறேன் பென்" என்றார் நட்வர்பாய்.

"நீங்க பாத்தா போதாது. கையெழுத்துப் போடுறவன் பாக்கணும்."

அதற்குமேல் நட்வர்பாயால் தாங்க முடியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். பெட்டி, நூல், முடிச்சு, எல்லாம். பிள்ளைகள் விட்டுப்போன சாக்பீஸ் துண்டுகளைத் தேவாங்கிபென் ஒன்றுசேர்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் நட்வர்பாய்" என்றார் கடைசியில்.

"தெரியுமா?"

"ரெண்டாவது தடவை பாக்கும்போது கைப்பிடிக்கு அடியில அந்த நூலைப் பாத்தேன். என் கையிலயும் அதே நூல்தான் இருந்துச்சு. வேற யாரோ கட்டியிருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நூல் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் உங்க பக்கம் நின்னுட்டேன்."

நான் இடையில் புகுந்தேன். "ஒரு வார்த்தை அவரைத் திரும்பக் கேட்டிருக்கலாமேம்மா!"

"மீட்டர்னா சந்தேகம் வந்தா ரெண்டு தடவை வெச்சுப் பாப்பேன். மனுஷரை எப்படி ரெண்டு தடவை கேக்குறது? கேட்டா நம்பலைன்னு ஆயிடும்."

நட்வர்பாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தார்.

"அந்த வாரம் முழுக்க ஸ்டோர் வாசல்லயேதான் பென் நின்னேன். இன்னொரு தடவை கேப்பீங்க, சொல்லிடலாம்னு."

தேவாங்கிபென்னின் கையிலிருந்த சாக்பீஸ் எல்லாம் கீழே விழுந்தது. அவர் குனிந்து பொறுக்கவில்லை.