நீலம் ஏறிய மூன்று கணுக்கள்

"அம்மா, கணுல ஒண்ணும் இல்லையாம். டாக்டரே சொல்லிட்டாங்க."

ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் என் மகள் தர்ஷினி சொன்ன முதல் வார்த்தை இது. எனக்குப் பகீரென்றது. "ஒண்ணும் இல்லையாம்" என்று நானே நான்கு மாதம் சொல்லியிருக்கிறேன், அவளுடைய அப்பாவிடம். கல்லீரல் முழுக்கப் புற்று பரவிய பிறகும் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைக்கடியில் ஒளித்து வைத்தேன். கடைசிவரை அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. வெளியே கூப்பிட்டு எங்களிடம் மட்டும் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். இதைப் பார்த்து வளர்ந்தவள் எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவாளாக்கும்.

மார்பிலிருந்த கட்டி புற்றுநோய் என்பது எனக்குத் தெரியும். அக்குளுக்குப் பரவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கட்டியருகே நீல மருந்து ஏற்றுவார்களாம்; அது முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிப்பார்களாம். அவை சுத்தமென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. "காபரி ஆகாதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல," என்று தமிழும் கன்னடமுமாக டாக்டர் மமதா விளக்கியிருந்தார். மூன்று கணுக்களை எடுத்தார்கள். ஆபரேஷன் நேரத்திலேயே பார்த்ததில் மூன்றும் சுத்தமாம், முழு ரிப்போர்ட் பத்து நாளில் வருமாம். எல்லாம் தர்ஷினி சொன்னதுதான்.

விவேக் நகர் வீட்டுக்கு வந்தபின் அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். போன் வந்தால் பால்கனிக்குப் போனாள். கேட்காமலேயே மீன் வறுத்துக் கொடுத்தாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவள், "சரிம்மா, சரிம்மா" என்றாள். சரிதான், எனக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் துழாவினேன். சீப்பும் மாத்திரை அட்டையும்தான் இருந்தன.

"என்னடி மறைக்கிற?"

"ஒண்ணும் மறைக்கலம்மா. ஏன் இப்படி உயிரை வாங்குற?"

"உங்கப்பாகிட்ட நானும் இப்படித்தான் மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொன்னேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதையும் என் சந்தேகக் கணக்கில் சேர்த்தேன்.

பத்தாம் நாள், "நீ அலைய வேணாம், நான் போய் ரிப்போர்ட் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினாள். இதுவும் நான் செய்ததுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்த கவரை என் மடியில் வைத்தாள்.

"மூணுல ஒண்ணுல இருக்கும்மா. ரொம்பச் சின்னது, ஒரு மில்லிமீட்டர்தானாம். அன்னைக்கு அவசரமா பார்த்ததுல தெரியலையாம். திரும்ப ஆபரேஷன் வேணாம், ரேடியேஷன் குடுத்துக்கலாம்னாங்க." குரல் உடைந்தது. "ஆட்டோல வர வழியெல்லாம் யோசிச்சேன், சொல்லாம விட்டுடலாமான்னு."

பயம் இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பத்து நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மத்த ரெண்டு?"

"சுத்தம்மா."

நம்பினேன்.