சாப்பாட்டுக் கரண்டியால் இரண்டு

பிரஷாந்தியும் உதயரூபனும் பேசாமலிருந்ததற்குக் காரணம் ஒரு காபுரேட்டர்.

உதயரூபன் வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன். அங்கே முடியாத வேலையை அமிர்தகழி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்விறாந்தையில் பரப்பிக்கொண்டு உட்காருவான். அதைப் பிரஷாந்தி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தக் காபுரேட்டரை அவன் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது, அவள் இடியப்பத்துக்கு மாக் குழைக்கிற சில்வர் சட்டியில்.

"கழுவினாப் போகும்தானே," என்றான், கேட்டதற்கு.

கழுவினாள். போகவில்லை. அடுத்தநாள் இடியப்பத்தில் துறைமுக வாசம் அடித்தது. அதிலிருந்து அந்த வீட்டில் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. பேசவேண்டியதையெல்லாம் நான்கு வயது விதுர்ஷா சுமந்துகொண்டு குசினிக்கும் விறாந்தைக்குமாக ஓடினாள்.

"அப்பாட்ட சொல்லு, சாப்பாடு மேசையில இருக்கெண்டு."

"அம்மாட்ட சொல்லு, எனக்குப் பசிக்கல்லயெண்டு."

"பசிக்காட்டி மூடி வைக்கட்டாம் எண்டு சொல்லு. இலையான் மொய்க்கும்."

விதுர்ஷா ஓடிப்போய், "அப்பா, நீங்க இலையானாம்," என்றாள்.

பிள்ளைக்கு இந்த வேலை நன்றாகப் பிடித்துவிட்டது. வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் முக்கியமில்லை என்பதுபோல நடந்துகொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்த பிரஷாந்தியின் அக்கா ஜீவரதிதான் தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாக ஒரே வளவுக்குள் கட்டிய வீடுகள். நடுவில் மதில் இல்லை, ஒரு தேசிக்காய் மரம்தான். விதுர்ஷாவுக்கு இரண்டும் ஒரே வீடு. காலைச் சாப்பாட்டை இங்கே பாதியும் அங்கே பாதியுமாகச் சாப்பிடுவாள்.

"என்ன தங்கச்சி இது, ஒரு சட்டிக்காக?" என்று ஜீவரதி கேட்டாள்.

"சட்டிக்காக இல்லக்கா. 'கழுவினாப் போகும்' எண்டு சொன்னாரே, அதுக்காக."

வெள்ளிக்கிழமை பின்னேரம் விதுர்ஷாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. சனிக்கிழமை விடியும்போது உடம்பு சுட்டது. ஜீவரதி பாமசிக்குப் போய்ப் புதிய பரசிட்டமோல் பாணிப் போத்தல் ஒன்று வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஸ்ட்ரோபெரி வாசம். பழைய கசப்பு மருந்துபோல மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கத் தேவையில்லை.

பிரஷாந்தி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்து, ஈரக்கையைத் துடைத்தபடி மகளைக் கூப்பிட்டாள்.

"அப்பாட்டக் கேட்டுட்டு வா, மருந்து தந்தவரா எண்டு."

விதுர்ஷா விறாந்தைப் பக்கம் போனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். "தரல்லயாம்."

பிரஷாந்தி போத்தலோடு வந்த அளவு மூடியில் கோட்டுவரை ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை மூடியின் அடியை நாக்கால் வழித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். 'காய்ச்சல்காரப் பிள்ளை மருந்தை இப்படிக் குடிக்குதே' என்று பிரஷாந்தி சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் சமையல் முடியும்வரைதான் இருந்தது. மேசையைத் துடைக்கப் போத்தலைத் தூக்கியபோது அது லேசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலையில் திறந்த போத்தலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம்.

அவள் விறாந்தைக்கு ஓடினாள். "புள்ளைக்கு மருந்து குடுத்தீங்களா?"

பல நாளுக்குப் பிறகு அவளாகவே பேசியது, அதுவும் இப்படி ஒரு குரலில். உதயரூபன் கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"ஓம். காலையிலயே குடுத்தன். உன்னட்டச் சொல்லச் சொல்லி அனுப்பினனே?"

"நான் கேட்டு அனுப்பினன். நீங்க குடுக்கல்ல எண்டு வந்து சொன்னாள்."

"என்னட்ட ஆரும் கேக்கல்ல!"

இருவரும் ஒரே நேரத்தில் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். விதுர்ஷா கதிரைக்குக் கீழே பூனையை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஜீவரதி தேசிக்காய் மரத்தடியில் நின்று குரல் கொடுத்தாள்.

"புள்ள, இப்ப காய்ச்சல் எப்பிடி? நான் குடுத்த மருந்துக்குக் குறைஞ்சிருக்கணுமே?"

பிரஷாந்தி கையிலிருந்த போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "நீங்களுமா அக்கா?"

"அம்மாவுக்கு வேலையாம், பெரியம்மாவைத் தரட்டாம் எண்டு போத்தலோட வந்து நிண்டாள். ஏன்? நான் குடுக்கப்படாதா?"

விஷயம் விளங்கியதும் ஜீவரதி கையைப் பிசைந்தாள். "உப்புத்தண்ணி குடுத்துச் சத்தி எடுக்க வைப்பமா?"

"ஒண்டும் குடுக்க வேணாம்," என்றான் உதயரூபன். போத்தலைச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிரஷாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் அவனுடைய சேர்ட்டை முதுகுப்புறம் இறுக்கிப் பிடித்திருந்தாள். வாவிக் காற்று முகத்தில் அடிக்க, நடுவில் நசுங்கியிருந்த விதுர்ஷா கொக்குகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு வந்தாள்.

*

பிள்ளைகள் வார்டில் டொக்டர் றிஸானா இருந்தார். காத்தான்குடிக்காரி. இளவயது, வேகமான பேச்சு. போத்தலை வாங்கிப் பார்த்து, "இதக் கொண்டுவந்தது நல்லம்," என்றார். "புள்ள எத்தின கிலோ?"

"பதின்மூண்டு," என்றாள் பிரஷாந்தி.

"பதினஞ்சு," என்றான் உதயரூபன்.

தராசு பதினான்கு என்றது.

"இப்ப ஒராள் ஒராளாச் சொல்லுங்க. அம்மா எவ்வளவு குடுத்தீங்க?"

"மூடியில கோட்டுவரைக்கும், டொக்டர். அக்காவும் மூடியாலதான்."

"வாப்பா?" என்று தகப்பன் பக்கம் திரும்பினார்.

உதயரூபன் தொண்டையைச் செருமினான். "கரண்டியால ரெண்டு."

"என்ன கரண்டி? தேக்கரண்டியா?"

"சாப்பாட்டுக் கரண்டி."

"அது எவ்வளவு பெரிசு?"

உதயரூபன் இரண்டு விரல்களை விரித்துக் காட்டினான். பிரஷாந்தி அதைப் பார்த்துவிட்டு, "அதுவா? அது சோறு போடுற கரண்டி!" என்றாள்.

"இல்ல, மற்றது. கைபிடியில பூ இருக்கிறது."

"அது பருப்புக் கரண்டி."

"நான் கரண்டியைத்தான் பாக்கணும்," என்றார் டொக்டர். "அளவு மூடி போத்தலோடதானே வந்தது? ஏன் கரண்டிக்குப் போனீங்க?"

"மூடி பெட்டிக்குள்ள கிடந்திருக்கு. எனக்குத் தெரியல்ல."

"வீட்ட கேட்டிரிக்கலாமே?"

உதயரூபன் தரையைப் பார்த்தான். "நாங்க கதைக்கிறல்ல, டொக்டர்."

"ஆரோட?"

"இவவோட."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வீட்டுக்குள்ள கதையெல்லாம் ஆர் கொண்டுபோறது?"

இரண்டு பேரும் தராசில் குதித்துக்கொண்டிருந்த விதுர்ஷாவைக் காட்டினார்கள்.

"ஏன் மகள், அப்பா மருந்து தந்தத்த அம்மாட்டச் சொல்லல்ல?"

விதுர்ஷா யோசித்தாள். "சொன்னா அம்மா தரமாட்டாவே."

பக்கத்தில் நின்ற தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. பிரஷாந்தியைத் தனியாக இழுத்துச் சொன்னார்: "புள்ள இப்ப ஓடி ஆடுறத வச்சி ஒண்டும் சொல்லேலா. இந்த மருந்து கூடினா உடனே காட்டாது. ஈரலைத்தான் பிடிக்கும். எவ்வளவு போயிரிக்கி எண்டு எனக்குச் சரியாத் தெரியணும். ரத்தமும் எடுக்கிறன்."

அதுவரை மகளின் குதியாட்டத்தைப் பார்த்துத்தான் பிரஷாந்தி தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லாமற் போயிற்று.

உதயரூபன் ஜீவரதிக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, நான் மருந்து குடுத்த கரண்டியைக் கொண்டு வாங்க."

"எந்தக் கரண்டி தம்பி?"

"கைபிடியில பூ இருக்கும்."

"எல்லாத்திலயும்தான் பூ இருக்கு!"

கொஞ்ச நேரத்தில் ஜீவரதி ஓட்டோவில் வந்து இறங்கினாள். அவள் கையிலிருந்த பை நடக்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. வார்டில் இருந்த தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் அவள் பையைக் கவிழ்த்தாள். சோற்றுக் கரண்டி, பருப்புக் கரண்டி, ஓட்டைக் கரண்டி, தேக்கரண்டிகள், ஐஸ்கிறீம் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கரண்டி, ஒரு அகப்பைகூட இருந்தது.

"அகப்பையால ஆரும் மருந்து குடுப்பாங்களாக்கா?" என்றாள் பிரஷாந்தி.

"உன்ட மாப்பிள்ள எப்பிடியான ஆளோ. நான் ஒண்டையும் விடல்ல."

உதயரூபன் குனிந்து தேடி ஒன்றை எடுத்தான். டொக்டர் ஊசி போடும் சிறிஞ்சியில் தண்ணீர் எடுத்து, கரண்டி நிரம்பும்வரை சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். பிரஷாந்தி சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உதயரூபனின் கை தன் கையைப் பிடித்திருப்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இதுதானா? நிச்சயமா?"

"ஓம் டொக்டர். ரெண்டு தரம். ரெண்டாந்தரம் கொஞ்சம் சிந்தினது."

டொக்டர் கைபேசியில் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"கூடத்தான் குடுத்திரிக்கீங்க. நல்லாக் கூட. ஆனா இந்த நிறைக்கு ஆபத்தான அளவுக்குப் போகல்ல. ரத்தம் பாத்திட்டுத்தான் முடிவாச் சொல்லுவன். அதுவரைக்கும் இங்கயே இரிக்கணும். தண்ணி நல்லாக் குடிக்கட்டும். இண்டைக்கு இந்த மருந்து இனி ஒரு சொட்டும் வேணாம். சளி மருந்தும் குடுக்கப்படாது, அதுகள்லயும் இது கலந்திரிக்கும்."

ஜீவரதி, "நான் வீட்ட போய்க் கஞ்சி வச்சிக்கொண்டு வாறன்," என்று கரண்டிகளை அள்ளிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் கலகலத்தது.

*

கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரத்தம் எடுத்தபோது வார்டே அதிரக் கத்திய விதுர்ஷா, இப்போது பக்கத்துக் கட்டில் பொடியனுக்குத் தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பெரிய கரண்டியால குடுத்தன்," என்றான் உதயரூபன் மெதுவாக. "நீயும் அக்காவும் மூடியாலதான் குடுத்தீங்க."

"நான் நாலடி நடந்து வந்து கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"நீ வந்து கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருக்க மாட்டன். மற்றப் பக்கம் திரும்பியிருப்பன்."

பிரஷாந்தி அவனைப் பார்த்தாள். "உண்மையாவா?"

"உண்மையாத்தான். நீ எப்ப கதைப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கதைச்சா நான் ரெண்டு நாளைக்குக் கதைக்காம இருக்கிற எண்டு நினைச்சிருந்தன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் கண்ணீரும் வந்துவிட்டது. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"விசர் மனிசன்," என்றாள் உள்ளேயிருந்து. "மச்சான், புள்ளைக்கு ஒண்டும் வராதுதானே?"

இத்தனை நாளுக்குப் பிறகு அவள் வாயில் மச்சான் என்ற சொல்லைக் கேட்டதும் உதயரூபனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எஞ்சின் என்றால் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவான். "டொக்டர் கணக்குப் பாத்தவதானே," என்றான். "ரெண்டு தரம் பாத்தவ."

"நீங்க பாத்தா எத்தின தரம் பாப்பீங்க?"

"எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமட்டும்."

அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. சட்டியைப் பற்றி, துறைமுகத்தில் அவனுக்குக் கூலி சரியாகக் கொடுக்காத படகுக்காரனைப் பற்றி, அதை அவளிடம் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு வீட்டில் எரிந்து விழுந்ததைப் பற்றி. இடையில் சண்டையும் பிடித்தார்கள். "சத்தம், சத்தம்," என்று தாதி வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஜீவரதி கொண்டுவந்த கஞ்சியை விதுர்ஷா முழுவதும் குடித்தாள். உடம்பு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது.

மாலை வெயில் சன்னலுக்குக் கீழே இறங்கும் நேரத்தில் டொக்டர் றிஸானா வந்தார். இப்போது அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"ரத்தம் நல்லாயிரிக்கி. ஈரலுக்கு ஒண்டுமில்ல. டெங்கும் இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் பாத்திட்டு விடுறன். நாளைக்கு ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்க."

பிரஷாந்தி எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் வாங்கில் வந்து உட்கார்ந்தவள், முதல்நாள் இரவு முழுக்கப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டு விழித்திருந்த களைப்பெல்லாம் ஒன்றாக வந்து இறங்க, உதயரூபனின் தோளில் சாய்ந்தாள். சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே நித்திரையாகிவிட்டாள்.

அவன் அசையவில்லை. தோள் மரத்தது. மூக்கில் ஒரு நுளம்பு வந்து உட்கார்ந்தது. ஊதி விரட்டினான்.

தாதி வாசலில் நின்று கூப்பிட்டாள். "விதுர்ஷாட அம்மா, அப்பா! நீங்க வீட்ட போகலாம்."

"மிஸ்," என்றான் உதயரூபன் குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போகட்டா?"

"ஏன், புள்ளைக்கு என்னவும் செய்யுதா?"

"புள்ள நல்லா இருக்கிறாள்," என்று தோளைக் கண்ணால் காட்டினான். "இவ இப்பதான் கண்ணை மூடினவ."

தாதி பார்த்தாள். கையிலிருந்த, வீட்டுக்கு விடும் துண்டுக் காகிதத்தைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். விதுர்ஷா கட்டிலிலிருந்து இறங்கி, அம்மாவின் மற்றப் பக்கம் ஏறி உட்கார்ந்து, அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மாவுக்குச் சுடல்ல, அப்பா," என்றாள்.