வாசலுக்கு ஒரு தனி லைன்

"இஸ்திரி போட்டுடாதீங்க, விளக்கு எரியுது."

என் மனைவி என்னிடம் சொன்ன கடைசிச் சாதாரண வாக்கியம் இதுதான். ஆண்டுக் கடைசி விடுமுறை. வாசலில் ஏணிமேல் நின்றபடி ஜன்னல் வழியாகச் சொன்னாள். கையில் எடுத்த சட்டையை அப்படியே மடித்து வைத்தேன். மறுநாள் காலையில் அவள் இதயம் நின்றுபோனது. கசங்கிய அந்தச் சட்டையோடுதான் மருத்துவமனை வாசலில் நின்றேன்.

எங்கள் வீட்டில் அது சட்டம். வாசல் விளக்குகள் எரியும்போது இஸ்திரி கூடாது, வெந்நீர் கூடாது, மிக்சி கூடாது. மீறினால் மின்பலகையில் பிரேக்கர் டப்பென்று விழும், வீடே இருட்டாகும். மீறாத நாட்களிலும் பாதி நாள் விழும். அதனால் விளக்கு ஏற்றும் மாலைகளில் அவள் வெளியே, நான் உள்ளே. பலகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விழுந்ததைத் தூக்கிவிடுவது என் உத்தியோகம்.

"எல்லாரும் விளக்கு போட்டா வெளிச்சம் வரும். உங்க வீட்டுல மட்டும்தான் சார் இருட்டு வருது" என்பார் எதிர்வீட்டு பஸ் டிரைவர்.

ஆண்டுக்கு ஒரு சரமாவது புதிதாக வாங்கி, பழையதோடு முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டே போனாள். மாடிச் சரத்தை ஏற்றினால் வாசல் மரத்துச் சரத்தை அணைக்க வேண்டும். மரத்தை ஏற்றினால் மாடி போகும். "ஒரு நாளாவது எல்லாத்தையும் ஒண்ணா, அணையாம எரியவிடணும்" என்பது அவளுடைய ஆசை. அவள் போன அடுத்த ஆண்டு விடுமுறை நெருங்கியபோது அந்த ஆசை என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்க மறுத்தது.

அவள் தம்பியிடம் சொன்னேன். "மாமா, அக்கா இருந்தப்பவே பிரேக்கர் விழுந்துச்சு. இப்ப ஏணியிலேர்ந்து நீங்களும் சேர்ந்து விழுவீங்க" என்றான்.

"நீ பிடிச்சுக்கோ மச்சான்."

"உங்களையா, ஏணியையா? தெளிவா சொல்லிடுங்க."

சொன்னானே தவிர, மறுநாளே ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தான். முதலில் மீசை வந்தது. பின்னால் அவர் வந்தார். பலகையைத் திறந்து பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இது என்ன சார் கூட்டுக்குடும்பம்? ஹால், சமையல், குளியலறை, வாசல், எல்லாம் ஒரே பிரேக்கர்ல குடித்தனம் பண்ணுது! ஒருத்தருக்குக் கோபம் வந்தா மொத்த வீடும் படுத்துக்கும். வாசலைத் தனிக்குடித்தனம் வச்சுடுவோம்."

வைத்தோம். பலகையிலிருந்து புதுக் கம்பி, அதற்குத் தனியாக ஒரு பிரேக்கர், மின்கசிவு கண்டால் விழும் பாதுகாப்பும் தனியாக. தண்ணீர் உள்ளே வழியாதபடி சுவரில் வெளிப்பக்கம் சரிவாகத் துளை போட்டார். மழை படாத கூரை விளிம்புக்குக் கீழே மூடி வைத்த பிளக் பாயின்ட் வந்தது. எர்த் கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்து நூலாகியிருந்தது, அதையும் மாற்றினார். நான் டார்ச் பிடித்தேன். மச்சான் கருத்துச் சொன்னான். காரைத் தூசியில் மூன்று பேருக்கும் தலை நரைத்தது. என் தலையில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

"இனிமே விழுந்தா இந்த மீசையை எடுத்துடறேன்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

அட்டைப்பெட்டியிலிருந்து சரங்களை எடுத்து, அவள் கட்டியிருந்தபடியே மாட்டினோம். மதியம் நல்ல மழை. சாயங்காலம் வெறித்ததும் சுவிட்சைப் போட்டேன். மாடி, மரம், கேட், ஜன்னல் எல்லாம் பளிச்சென்று வந்தன. ஒரு மூச்சு இழுக்கும் நேரம். டப்.

"பழகின இருட்டுதானே சார், கவலைப்படாதீங்க!" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"மாமா, பிளேடு எந்த அலமாரியில இருக்கு?" என்றான் மச்சான். எலெக்ட்ரீஷியன் மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாலில் விளக்கு எரிந்தது. வாசல் மட்டும்தான் இருட்டு. இஸ்திரிப் பெட்டி அலமாரியில் சில்லென்று தூங்கிக்கொண்டிருந்தது.

"இது இஸ்திரியோட வேலை இல்லையே" என்றேன்.

"அதேதான்!" எலெக்ட்ரீஷியனுக்கு உயிர் வந்தது. "பிரிச்சு வச்சாத்தானே யாரு திருடன்னு தெரியும். கசிவு வாசல்லயே இருக்கு. ஒவ்வொரு சரமா மாட்டிப் பாருங்க."

மாடி அணையாமல் நின்றது. ஜன்னல் நின்றது. கேட் நின்றது. மரத்துச் சரத்தை மாட்டியதும் டப். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஏணியில் ஏறினேன். கிளைகளுக்கு நடுவே, சரமும் சரமும் சேரும் இடத்தில் ஒரு பால் கவர் தொங்கியது. மழை படக்கூடாதென்று ஒவ்வோர் இணைப்பிலும் அவள் கட்டிய உறை. வாயை மேலே வைத்து, நூலால் இரட்டை முடிச்சு. நகத்துக்கு அவிழவில்லை, பல்லால் கடித்தேன். உள்ளேயிருந்து மழைத்தண்ணீர் கொட்டி என் முழங்கை வரை ஓடியது. நூலைத் தாண்டி உள்ளே போக வழி இருந்திருக்கிறது. வெளியே வரத்தான் இல்லை.

கீழேயிருந்து மச்சான் மெல்ல, "மாமா... இத்தனை வருஷமா இஸ்திரிப் பெட்டி மேல பழியைப் போட்டுட்டு, அக்கா மரத்துல தண்ணித் தொட்டி கட்டி வச்சிருக்கா" என்றான்.

சிரிப்பு வந்தது. ஏணியே ஆடும்படி சிரித்தேன். "விழாதீங்க, விழாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவனும் சிரித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான், நானும்.

"இஸ்திரிப் பெட்டியும் முழு யோக்கியம் இல்ல" என்றார் எலெக்ட்ரீஷியன். "அதுலயும் துளி கசிவு இருந்திருக்கும். ரெண்டும் சேர்ந்ததும் விழுந்திருக்கு. ஆனா பெரிய கை மரத்துலதான்."

எல்லா முடிச்சுகளையும் நானே அவிழ்த்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. கம்பி நுனிகளைத் துடைத்துக் காயவைத்து, அவர் ஒவ்வோர் இணைப்பையும் மூடியுள்ள சின்னப் பெட்டிக்குள் வைத்துத் திருகினார். கம்பி நுழையும் வாய் கீழே பார்த்தபடி.

மறுபடி சுவிட்ச். எல்லாம் எரிந்தன. மூன்று பேரும் விளக்கைப் பார்க்கவில்லை. பிரேக்கரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது விழவில்லை. எலெக்ட்ரீஷியனின் கை மெதுவாக மீசைக்குப் போய் அதை முறுக்கியது.

"போடு மச்சான், எல்லாத்தையும் போடு!"

அவன் ஓடினான். வெந்நீர் ஹீட்டர், வெறும் மிக்சி, அத்தனை ஃபேன்கள். நான் இஸ்திரிப் பெட்டியைச் செருகி, ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டு, கைக்குக் கிடைத்த சட்டைக்குக் காலரிலிருந்து தொடங்கினேன். அவ்வளவு திமிராக யாரும் இஸ்திரி போட்டிருக்க மாட்டார்கள். மரம் எரிந்தது. மாடி எரிந்தது. சட்டையில் ஆவி பறந்தது. பஸ் டிரைவர் கேட்டருகே வந்து வாயைப் பிளந்து நின்றார்.

"சார், என்னோடது ரெண்டு சட்டை இருக்கு. கொண்டு வரட்டா?"

"நாலா கொண்டு வாங்க!" என்றேன்.

மச்சான் வந்து என் கையிலிருந்து பெட்டியை வாங்கிச் சுவிட்சை அணைத்தான். "போதும் மாமா. போய் வெளியேருந்து பாருங்க. நான் பலகைகிட்ட நிக்கறேன்."

"அங்கே யாரும் நிக்க வேண்டாம். நீயும் வா."

தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினேன். அத்தனை ஆண்டுகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததில், விளக்கு எரியும் என் வீட்டை நான் பார்த்ததே இல்லை. சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளும் ஒன்றாக எரிந்தன. ஈரத் தெருவிலும் இன்னொரு வீடு எரிந்தது. கையை மேலே தூக்கினேன். எதற்கென்று தெரியாது, தூக்கத் தோன்றியது. பஸ் டிரைவர் கைதட்டினார்.

"மாடி வரிசை கோணலா இருக்கே மாமா" என்றான் மச்சான். "இடது பக்கம் இறங்கியிருக்கு. ஆணி அக்கா அடிச்சதா?"

"ஆமா."

"நாளைக்கு ஏறி நேராக்கிடட்டுமா?"

அந்த ஆணிகள் இன்றும் இடது பக்கம் ஒரு சாண் இறங்கியேதான் இருக்கின்றன.