கேள்வி கேட்காத கடை

"கையை விடு, யாராவது பார்த்தா..."

"பார்க்கட்டுமே, நாம என்ன திருடவா..."

"திருட வந்திருந்தாக்கூட இவ்வளவு மானம் போகாதுடி! போட்டிக் கடையில வந்து கூடையைத் தூக்கிக்கிட்டு..."

"கூடையை நான் தூக்கறேன். நீங்க வாயை மட்டும் மூடிக்கிட்டு வாங்க."

தெருமுனையில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில், சோப்பு அடுக்குகளுக்கு நடுவே இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதே தெருவின் மளிகைக்காரரும் அவர் மனைவியும். இது திறந்ததிலிருந்து அவர்கள் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். இப்படியே போனால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஜனங்கள் ஏன் இங்கே வந்து விழுகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிடலாம் என அவள்தான் இழுத்து வந்திருந்தாள்.

"விலை ஒண்ணும் மலிவில்லையே," என்றார் அவர், ஒரு சோப்பைத் திருப்பிப் பார்த்து. "நம்மளைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியே இருக்கு."

"அதைத்தான் நானும் பார்க்கறேன்."

"ஏசிக் காத்துக்கு வர்றாங்களோ?"

"காத்து வாங்க வர்றவங்க வண்டி நிறைய சாமானும் வாங்குவாங்களா?"

"ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பேசக் காணோம். கடையா இது? ஆஸ்பத்திரி மாதிரி! நம்ம கடையில..."

அவர் முடிப்பதற்குள் திருப்பத்தில் டீச்சர் வந்துவிட்டார். பல வருஷத்து வாடிக்கை, கொஞ்ச நாளாகக் கடைப்பக்கமே தலைகாட்டாதவர். இவர்களைக் கண்டதும் அவருடைய தள்ளுவண்டி அப்படியே நின்றது. டீச்சருக்கு முகம் சின்னதாகிப் போயிற்று. மளிகைக்காரருக்கு அதைவிட. தப்பித்தோம் பிழைத்தோம் என்று நழுவியிருக்க வேண்டிய மனிதர், பழக்கதோஷம், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், ஒரே ஒரு குட்டி பிரட்டு, நாலு முட்டை? நம்ம தம்பிக்கு இது எந்த மூலைக்கு?"

அவர் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க," என்றார் டீச்சர், மெதுவாக. "என் பையன் என்கூடச் சண்டை போட்டுட்டு வீட்டை விட்டே போயிட்டான். பாலைக் குறைச்சேன், ஏன்னு கேட்டீங்க. முட்டையைக் குறைச்சேன், அதையும் கேட்டீங்க. அதுவும் கடை நிறைய ஆளுங்க நிக்கறப்போ. அவனுக்கு வயிறு சரியில்லைன்னேன், டூர் போயிருக்கான்னேன். சொல்றதுக்குப் பொய் தீர்ந்துபோச்சு அண்ணே. இங்கே நான் எதை எடுத்தாலும், எதை எடுக்காம விட்டாலும், யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை."

"டீச்சர், நான் வந்து..."

"நல்ல மனசோடதான் கேட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு பில் போடுகிற பக்கம் போய்விட்டார்.

மளிகைக்காரர் கையிலிருந்த சோப்பை ஏதோ ஒரு அடுக்கில் வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தப் பையன் போனதா? சத்தியமாத் தெரியாது."

"அது இல்லை. நான் கேட்டா ஜனங்களுக்கு இப்படி இருக்கும்னு."

அவள் வெறுங்கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கல்லாவுக்குப் பக்கத்துலேயே நின்னியே, ஒரு தடவையாவது என் சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கக் கூடாதா?"