ஒன்பதாம் பக்கத்துச் சீட்டு

தோட்டத்தில் வைத்து இறைச்சி சுடுகிற பழைய கரி அடுப்புகளைச் சேர்க்கிறவர்களில் இரண்டு வகை. இரும்பு சேர்ப்பவன் ஒருத்தன், காகிதம் சேர்ப்பவன் ஒருத்தன். ஆர்லோ பிஸ்ட்ரம் இரும்புக்காரன். நான் காகிதக்காரன். அடுப்போடு வந்த கையேடு, கடையில் தொங்கவிட்ட விளம்பர அட்டை, விலைப்பட்டியல், சமையல் குறிப்பு என்று என் வீட்டில் பதினோரு அலமாரி நிறைந்திருக்கிறது. ஆர்லோவும் நானும் முப்பது வருஷ நண்பர்கள். அந்த முப்பது வருஷமும் ஒருத்தன் காலை ஒருத்தன் வாரிக்கொண்டும் இருந்தோம். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை ஷெபாய்கன் பக்கத்தில் எங்கள் கூட்டம் நடக்கும். யாராவது ஒருத்தருடைய மேய்ச்சல் நிலத்தில் அறுபது எழுபது அடுப்புகள் வந்து நிற்கும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பழைய அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அதனுடைய கையேட்டை ஒருத்தர் உரக்கப் படிக்க வேண்டும். பற்றவைக்கிறவன் அட்சரம் பிசகாமல் அதன்படி செய்ய வேண்டும். இருபது கரித்துண்டு என்று போட்டிருந்தால் இருபதுதான். இருபத்தொன்று போட்டவனை அடுத்த ஜூலை வரைக்கும் ஓட்டித் தள்ளிவிடுவோம். மாதா கோயிலில்கூட எங்களில் பாதிப் பேர் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

மெரிடேல் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஐம்பத்தேழாம் வருஷம் ‘நாலு பருவம்’ என்ற பச்சை நிற அடுப்பைப் போட்டார்கள். இரண்டே வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். குளிர்காலத்தில் அதை வீட்டுக்குள் கணப்பில் வைத்துச் சமைக்கலாம் என்பதுதான் அவர்கள் பெருமை. அடுப்புப் புகையைக் கணப்பின் புகைபோக்கிக்குள் அனுப்ப ஒரு தகரப் புகைக்கூண்டு தனியாக விற்றார்கள். கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கும். வெளியே பனி, உள்ளே கணப்பில் பச்சை அடுப்பு, எதிரே சோபாவில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருத்தன் வாயில் பைப்போடு காலை நீட்டிப் படுத்திருப்பான். பக்கத்தில் ஆறு விதிகள். சமையல் முடிந்ததும் சூடு வெளியே போகாதபடி புகைபோக்கியை அடைக்கும் தகட்டை மூடிவிட வேண்டும் என்பது ஆறாவது.

அந்தப் புகைக்கூண்டு ஒன்று அயோவாவில் யாருடைய கொட்டகையிலோ கிடக்கிறது என்று மோப்பம் பிடித்தவன் நான். வாய் சும்மா இருக்காமல் ஆர்லோவிடம் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் நான் வண்டியை எடுப்பதற்குள் அவன் போய் வாங்கிவிட்டான்.

“காகிதக்காரனுக்கு எதுக்குடா தகரம்?” என்று என் தோளில் தட்டினான்.

நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாக எரிந்துகொண்டே இருந்தது.

தொண்ணூற்று மூன்று நவம்பரில் எனக்கும் ஒரு காலம் வந்தது. மானிட்டோவாக்கில் ஒரு பழைய இரும்புச் சாமான் கடையை மூடினார்கள். காகிதப் பெட்டி ஒன்றை அப்படியே வாங்கி வந்தேன். அதற்குள் மெரிடேல் கையேடு ஒன்று இருந்தது. அது என்னிடம் ஏற்கனவே உண்டு, ஆர்லோவிடமும் உண்டு. ஆனால் இதன் ஒன்பதாம் பக்கத்தில் துருப்பிடித்த குண்டூசியால் ஒரு இளஞ்சிவப்புச் சீட்டைக் குத்தியிருந்தார்கள். மூன்று விரல் அகலம் இருக்கும். அப்படி ஒரு திருத்தச் சீட்டு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கண்ணால் பார்த்தவன் எங்களில் ஒருத்தனும் இல்லை.

சீட்டில் இவ்வளவுதான் இருந்தது: ‘ஒன்பதாம் பக்கம், ஆறாம் விதி ரத்து செய்யப்படுகிறது. கரி முழுவதும் அணைந்து ஒரு நாள் கழியும் வரை புகைபோக்கியின் தகட்டை மூடவே கூடாது. சன்னல்களைத் திறந்து வைக்கவும்.’

இதை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். தாளின் கனம் என்ன, எந்த அச்சகம், இரண்டாம் வரியில் மட்டும் மை ஏன் வெளிறியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தேன். அது என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அலமாரியில் வைக்க மனசு வராமல், தினமும் பார்க்க வசதியாக, சமையலறையில் ஸ்பூன் போடும் டிராயரில் ஒரு கண்ணாடித் தாள் உறைக்குள் போட்டு வைத்தேன். ஜூலை வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஆர்லோவின் மூக்குக்கு நேரே அதை நீட்ட வேண்டும். அவன் முகம் போகிற போக்கை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும் குளிர். மதியம் ஒன்றரை மணிக்கு ஆர்லோவின் மனைவி லுவான் வந்து கதவைத் தட்டினாள். கையில் அலுமினியத் தாள் மூடிய தட்டு.

“சீக்கிரம் கதவ மூடு டெல்மர். மூக்கு தனியா கழண்டு விழுந்துடும் போலிருக்கு.”

“இந்தக் குளிர்ல உன்ன யாரு வரச் சொன்னா?”

“வேற யாரு? அந்த மனுஷன்தான். சூடு ஆறறதுக்குள்ள உங்கிட்ட காட்டிட்டு வான்னு விரட்டினாரு. கோழிய சாப்பிடறதுக்கு முன்னாடி நல்லா பாப்பியாம். இன்னிக்கு எங்க வீட்ல ஒன்பதாம் பக்கம்!”

“கணப்புல வெச்சா?”

“பின்ன? நான் படிக்க, அவரு செய்ய. சிவப்பு ஸ்வெட்டருக்காக எங்க அண்ணன் வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்தாரு. இப்ப சோபாவுல படுத்திருக்காரு, பைப்பை வாயில வெச்சுக்கிட்டு. புகையில கிடையாது, சும்மா. அடுப்பு சூட்டுல கண்ணு சொருகுது கெழவனுக்கு. வீட்டுக்குள்ள கரி எதுக்குய்யா, கூண்டு இருந்தா மட்டும் போதுமான்னு கேட்டேன். கம்பெனிக்காரனே போட்டிருக்கான், நீ என்ன அவனவிட மேதாவியான்னுட்டாரு.”

“ஆறாவது விதியும் செஞ்சாச்சா?” என்று கேட்டேன்.

“அத நான்தான் செஞ்சேன். கூண்டக் கழட்டி வெச்சுட்டு, கணப்புக்குள்ள கைய விட்டு புகைபோக்கித் தகட்ட இழுத்து மூடினேன். பாரு, இன்னும் கரி போகல.” விரல்களை விரித்துக் காட்டினாள். “அடுப்போட காத்துத் துளைய ஒரு விரல் அகலத்துக்குத் தொறந்து வெச்சா, சாயந்திரம் வரைக்கும் ரூம்ல சூடு நிக்குமாம். அப்படியே வெச்சிருக்கோம்.”

என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. பயத்தில் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சந்தோஷத்தில் துள்ளியது. சீட்டில் இருப்பது இவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆர்லோவா ஆறாம் விதியைச் செய்திருப்பான்?

அவள் ஒரு கப் காபி குடித்தாள். குடித்து முடித்ததும் எழுந்தாள். இரண்டு மணி ஆகியிருந்தது.

“கிளம்பறேன் டெல்மர். தட்ட அப்பறமா குடு.”

“உட்காரு லுவான். வெளிய போனா விறைச்சுடுவ. இன்னொரு கப் குடிச்சுட்டுப் போ.”

உட்கார்ந்தாள். சர்க்கரை கலக்க அந்த டிராயரைத் திறந்து ஸ்பூன் எடுத்துக் கொடுத்தேன். உறையின் ஓரம் கையில் பட்டது.

“ஆர்லோகிட்ட இருக்கற கையேடு முழுசா இருக்கா? உள்ள துண்டு கிண்டு ஏதாவது குத்தியிருந்துச்சா?”

“என்ன துண்டு?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். மெரிடேலப் பத்தி அவனுக்கு யாராவது கடிதம் போட்டாங்களா?”

“அவருக்கு யாரு போடப் போறா? நீ ஒருத்தன்தான் அந்தக் குப்பைய எல்லாம் கட்டிக்கிட்டு அழற” என்று சிரித்தாள்.

மூன்றாவது கப்பும் ஊற்றினேன். அவள் போகும்போது மணி இரண்டே முக்கால் தாண்டிவிட்டது. கோழி நன்றாகத்தான் இருந்தது. எலும்பைச் சப்பிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

தூங்கினவன் எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்து நழுவிய பைப் ஸ்வெட்டரின் மேலே கிடந்ததாம். சாம்பலுக்குள் உயிரோடு இருக்கும் கரி விடுகிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. போக வழியில்லாமல் அறை முழுக்க நிறைந்துவிட்டது. தகட்டை யார் மூடியது என்று போலீஸ்காரர் கேட்டபோது “நான்தான்” என்று லுவான் சொல்லியிருக்கிறாள். ஊர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பேசாமல் பார்த்தது. அதன் பிறகு அவள் வீட்டில் கணப்பு மட்டுமில்லை, சூடேற்றும் இயந்திரத்தைக்கூடப் போடவில்லை என்று அவள் தங்கை என்னிடம் சொல்லி அழுதாள். கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

மார்ச்சில் என்னைத் தேடி வந்தாள். பாதியாகிப் போயிருந்தாள்.

“உங்கிட்டதான் எல்லாக் காகிதமும் இருக்கே. தகட்ட மூடக்கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா? அத நான் படிக்காம விட்டுட்டேனா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தலையிலிருந்து பாரம் இறங்கும், என் தலையில் ஏறும். ஸ்பூன் டிராயர் மேல் சாய்ந்து நின்றுகொண்டு, “எங்கயும் போடல லுவான்” என்றேன்.

“அப்ப எனக்கே தெரிஞ்சிருக்கணும்” என்றாள். “பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல நின்னவ. கரியப் பத்தித் தெரியாதா எனக்கு? அரை மணி முன்னாடி தூக்கி வெளிய போட்டிருந்தா பொழச்சிருப்பார்னு டாக்டர் சொல்றாரு.”

அவளுக்கு ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நாய் குரைத்ததற்குச் சமம்.

எங்களில் ஒருத்தன் போய்விட்டால், அடுத்த ஜூலையில் அவனுடைய சிறந்த அடுப்பை வீட்டுக்காரர்கள் பற்றவைப்பார்கள். நெருங்கின நண்பன் கையேட்டைப் படிப்பான். “நீதான் படிக்கணும்” என்று லுவான் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். கூட்டத்தன்று காலை சட்டை போடும்போது சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். படிக்கத்தான் வைத்துக்கொண்டேனா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.

புல்வெளி நடுவில் பச்சை அடுப்பு நின்றது. யாரோ துடைத்து மெருகேற்றியிருந்தார்கள். லுவான் தீப்பெட்டியோடு பக்கத்தில் நின்றாள். வெயில் கொளுத்தியும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஆர்லோவின் கையேட்டைப் பிரித்தேன். ஒன்றாம் விதி படித்தேன், இரண்டு படித்தேன். ஐந்து வரை வந்துவிட்டேன். ஆறாவதை ஆரம்பிக்கும்போது லுவான் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. ஆறாம் விதியை அவள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையேட்டை மூடிவிட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன். மூன்று வாக்கியத்தையும் படித்தேன். முதல் தடவையாகப் படித்தேன்.

பிறகு ரோல்ஃப் டெஸ்கே, எங்களில் மூத்த காகிதக்காரன், முன்னால் வந்தான்.

“டேய், அந்தச் சீட்டா? நெசமாவே இருக்கா?”

பின்னால் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். “விரல் படாமப் புடி, எண்ணெய் ஒட்டிக்கும்” என்று ஒருத்தன் சொன்னான். ரோல்ஃப் அதை என் கையிலிருந்து ஓரத்தில் பிடித்து வாங்கிக்கொண்டான்.

லுவான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்ப கெடச்சுது உனக்கு?”

“நவம்பர்ல.”

“மார்ச்சுல கேட்டேனே டெல்மர்.”

“ஆமா.”

“அன்னிக்கு, நான் கோழி கொண்டாந்தப்ப, இது எங்க இருந்துச்சு?”

“டிராயர்ல.”

“எந்த டிராயர்?”

சொன்னேன். அந்தச் சமையலறை அவள் கண்ணுக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. தட்டு, கப், சர்க்கரை, ஸ்பூன் என்று ஒவ்வொன்றாக.

“மொத கப் முடிஞ்சதுமே நான் எந்திரிச்சேன்” என்றாள். கத்தவில்லை. “நீதான் உட்காருன்ன.”

தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டுத் தன் காரைப் பார்த்து நடந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன். அவளை நிறுத்தி வைக்க எனக்கு இனி என்ன உரிமை என்று மூடிக்கொண்டேன். பின்னால் ரோல்ஃப் சீட்டைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தான். நாலைந்து பேர் அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தியா” என்றான் அவன், “ரெண்டாவது வரியில மட்டும் மை வெளுத்திருக்கு.”